ஓரம் தைத்த குப்பை

செவ்வாய்க்கிழமை காலையில் குப்பையைப் பிரிக்கிற வேலை அவருடையது. துணி துவைக்கும் இடத்தில் முக்காலியைப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, கறுப்புப் பை எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். காய்கறித் தோல் பச்சைக்கு. காகிதம், டப்பா, பாட்டில் நீலத்துக்கு. எதிலும் சேராதது கறுப்புக்கு. பால் உறையைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருப்பார். பாட்டிலின் மூடியைத் தனியே கழற்றி, மேலே ஒட்டிய லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பார். நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே அளவுச் சங்கிலியைப் பிடித்து, இதுவரைக்கும் உன்னது, இதற்கப்பால் அவனது என்று சொல்லிச் சொல்லியே பாதித் தலை நரைத்தவர். குப்பை விஷயத்திலும் அவருக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததில்லை, கடைசியில் மிஞ்சும் ஒரு குவியலைத் தவிர.

அந்தக் குவியல் அவர் மனைவியுடையது. முன்னறையில் தையல் மிஷினுக்கு அடியிலிருந்து கூட்டி அள்ளி, ஒரு பழைய தலையணை உறையில் திணித்துக் கொண்டுவந்து வைப்பாள். தெருவில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். துண்டுகளைக் கூட்டுகிற நேரத்தை அவள் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பாள். விளக்குமாறு முன்னே போக, பின்னால் சன்னல் வெளிச்சத்தில் நூல் தூசி மிதந்து வரும். பள்ளிக்கூட டீச்சர் வீட்டுத் திரைச்சீலையின் ஓரம், நர்ஸ் அம்மாவின் வெள்ளைக் கோட்டில் வெட்டிய பிறை, யாரோ ஒரு சின்னப் பெண்ணின் பிறந்தநாள் கவுனிலிருந்து விழுந்த மினுக்கு. எதிர்வீட்டுக்காரரும் கோடிவீட்டுக்காரரும் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அவர்கள் சட்டைகளின் கக்கத் துண்டுகள் இங்கே ஒன்றோடொன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். அவள் அதைக் கலைக்காமல் அள்ளுவாள்.

மிஷின் அவளோடு கல்யாணத்துக்கு வந்தது. முதலில் படுக்கையறை மூலையில்தான் கிடந்தது. மகள் பிறந்தபோது கவுன் தைத்தாள், தலையணை உறை தைத்தாள், அவருடைய சட்டைக் காலரைத் திருப்பி வைத்துத் தைத்தாள். அந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு மழைக்காலத்தில் மிஷினை முன்னறைச் சன்னலுக்குத் தள்ளினார்கள். சன்னலுக்கு வந்த பிறகு தெருவுக்குக் காது முளைத்தது. மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டு, "ஏங்க, இந்தப் பேன்ட்டைக் கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா?" என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் போய் இன்னொருத்தியிடம் சொன்னாள். துணி வெட்ட மேஜை வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேஜை நகர்ந்து வந்தது. சோபா கொஞ்சம் ஒதுங்கியது, பிறகு இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது, ஒருநாள் பார்த்தால் மாமியார் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி வந்தது. போட்டுப் பார்க்கிறவர்களுக்கென்று மூலையில் ஒரு திரை வந்தது. யாரும் முடிவு பண்ணி எதையும் செய்யவில்லை. கட்டிவைத்த படகு கயிறு தளர்ந்து தானே தண்ணீரில் திரும்புகிற மாதிரி அந்த அறை மெல்லத் திரும்பிவிட்டது. மகள் படித்து, வேலைக்குப் போய், வேற்றூரில் குடித்தனமும் வைத்துவிட்டாள். அவள் சின்ன வயதில் ஓடி விளையாடிய இடத்தில் இப்போது அளவுச் சட்டைகள் அடுக்கு அடுக்காக இருந்தன.

ஆனால் அவர் வாயிலிருந்து அது கடை என்று வந்ததே இல்லை. சொந்தக்காரர்கள் வந்து சுற்றுமுற்றும் பார்த்தால், "சும்மா இருக்க மாட்டா. பொழுதுபோக்குக்குத் தைக்கறா" என்பார். பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். வலிக்காது. பேசத்தான் முடியாது.

குப்பை வண்டியோடு வருகிற பெண்மணிக்கு விசில்காரம்மா என்று பெயர். தெருமுனையில் ஊதினால் கடைசி வீட்டுப் பூனை எழுந்து உட்காரும். போன மழைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தலையணை உறையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அவள் வண்டியில் போடவில்லை.

"சார், இவ்வளவு துணி வீட்டுல எப்படி வரும்? நீங்க என்ன தினமும் சட்டையைக் கிழிச்சுக்கிறீங்களா?"

"பழைய துணிம்மா. பொண்ணோடது."

"பழைய துணின்னா முழுசா இருக்கணும். உடுத்தற மாதிரி இருந்தா தெருமுனைப் பெட்டியில போடலாம். இது வெட்டுத் துண்டு. வீட்டுல வர்ற கொஞ்சநஞ்சம்னா கறுப்புப் பையில போட்டுக்கலாம். தொழில்ல வர்றதுன்னா அதுக்குத் தனி மூட்டை, தனி வண்டி. ரெண்டையும் கலந்தா என்னைத்தான் பிடிச்சுக் கேப்பாங்க."

"தொழில் எல்லாம் இல்லம்மா" என்று அவர் மூட்டையை உள்ளே கொண்டுவந்துவிட்டார். அன்றைக்கு அவர் முகம், அடுத்தவர் நிலத்தில் தெரியாமல் கால் வைத்தவன் முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் துண்டுகளில் ஒரு பிடி எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல ஜன்னல் துடைக்கத் துணி கேக்கறாங்க" என்றார்.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளுடைய துணி அவர் அலுவலகத்துக்குள் போனதே கிடையாது. ஜன்னல் துடைக்கிற துணி என்றால் நூல் பிரிந்து கண்ணாடியில் ஒட்டக் கூடாதே என்று, அன்று மத்தியானமே மெத்தென்ற பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கி, சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் மடித்து ஓரம் அடித்து வைத்தாள். ஓரத்துக்கு நீல நூல். மிஷின் இருக்கிற இடத்திலேயே மத்தியானம் கொஞ்சம் கண் அயர்வது அவள் வழக்கம். அப்படி அயரும்போது அந்த அலுவலகம் அவளுக்குத் தெரியும். அவள் போனதே இல்லை. ஆனாலும் தெரிந்தது. உயரமான ஜன்னல்கள், சுவர் முழுக்க ஜன்னல்கள், எல்லாம் பளிங்காகத் துடைத்து வைத்தவை. டீச்சர் வீட்டுத் திரைச்சீலையும் நர்ஸ் அம்மாவின் கோட்டும் ஒவ்வொரு கண்ணாடியிலும் வட்டம் வட்டமாக ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே வெயில் விழும். நடுவில் அவர் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். யாரோ வந்து, "சார், இது யார் தைச்சது?" என்று கேட்பார்கள். அவர் தலையை நிமிர்த்துவார். பதில் வருவதற்குள் தெருவில் யாராவது ஹாரன் அடித்துவிடுவார்கள், கனவு கலைந்துவிடும்.

தினமும் அவர் துண்டுகளைக் கொண்டுபோனார். தினமும் அவள் தைத்து வைத்தாள்.

அந்தக் காலத்தில்தான் ஒரு வாட்ச்மேன், சட்டையில் வயிற்றுப் பக்கம் தளர்த்தித் தரச் சொல்லி வந்தார். யாரோ சொல்லி, வீடு விசாரித்து வந்தவர். இது சர்வேயர் வீடு என்று அவருக்குத் தெரியாது. பேச்சுவாக்கில், நில அளவை அலுவலகம் இருக்கிற அந்தக் கட்டடத்தில்தான் தனக்கு வேலை என்றார். அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அளவு எடுக்கத் தொடங்கினாள்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கண்ணே. சட்டை நாள் முழுக்க அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்குமா?"

"வயிறுன்னு தெரிஞ்சுடுமேன்னுதான்."

"ஏற்கனவே தெரியுது. பட்டன் சொல்லுது."

வாட்ச்மேன் சிரித்துவிட்டு மூச்சை விட்டார். கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். துணியின் ஓரத்தில் நீல நூல்.

"அது எங்க வாங்கினீங்க?"

"வாங்கலைம்மா, குப்பையில வந்தது. எங்க கட்டடத்துல பெரிய கூத்து. காகிதத் தொட்டின்னு தனியா ஒண்ணு இருக்கு. ஆபீஸ் காகிதம் மட்டும் போடணும். யாரோ தினமும் அதுக்குள்ள துணியைப் போடறாங்க. தொட்டியையே எடுக்காம விட்டுட்டுப் போயிட்டாங்க வண்டிக்காரங்க. நான்தான் கையை விட்டுப் பொறுக்கினேன். பார்த்தா எல்லாம் ஓரம் அடிச்சிருக்கு." துணியை வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். "தையலைப் பாருங்க, எறும்பு வரிசை மாதிரி. நீங்க இந்த வேலையில இருக்கறவங்க, சொல்லுங்க. குப்பைக்கு ஓரம் அடிச்சுப் போடற ஆள் உண்டா?"

"இருப்பாங்க போல" என்றாள்.

"நல்ல கைம்மா. புத்திதான் கொஞ்சம் இப்படி" என்று நெற்றிப் பொட்டருகே விரலைச் சுற்றினார்.

அவர் போன பிறகு அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நீளமான திரைச்சீலை. பாபினில் கீழ்நூல் தீர்ந்துவிட்டது. மேல்நூல் மட்டும் ஓட, ஊசி இறங்கி ஏற, துணி நகர்ந்து நகர்ந்து முடிவு வரைக்கும் வந்துவிட்டது. எடுத்து உதறினால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தன. அவள் அந்த இரண்டு பக்கங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மேகம் வெயிலை மூடி மூடித் திறந்தது. அறையும் மூடி மூடித் திறந்தது.

சாயங்காலம் அவர் வீடு திரும்பினார். நாற்காலியில் கிடந்த கவுனை எடுத்து எங்கே வைப்பது என்று தேடி, கடைசியில் தன் மடியிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தாள்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை ஜன்னல்ங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"ஒண்ணுதான். அதுவும் பீரோவுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு."

"அப்ப அந்த ஒண்ணு கண்ணு கூசற மாதிரி இருக்கணுமே."

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன பொய்யைக் காப்பாற்றவும் வராது.

"யாரு வந்தா?"

"சட்டை தளர்த்த உங்க வாட்ச்மேன் வந்தார். உங்க மேல சந்தேகம் இல்லை அவருக்கு. ஓரம் அடிச்சவளைத்தான் பைத்தியம்ங்கறார்."

"ஓரம் அடின்னு நானா சொன்னேன்?"

"துடைக்கன்னு சொன்னீங்களே."

"போடறதுக்கு எனக்கே மனசு வரலை" என்றார், டம்ளரைப் பார்த்து. "கொஞ்சம் மேஜை டிராயர்லயே வச்சிருக்கேன். டிராயர் மூடலை இப்ப."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் சிரிப்பு முடிந்தும் மிஷினுக்கடியில் துண்டுகள் அப்படியே கிடந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை விசில்காரம்மா வீடு வீடாக வந்து, குப்பை எந்த வண்டிக்கு என்று கதவில் வண்ண வில்லை ஒட்டப் போகிறாள் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்குப் பச்சை, தொழில் செய்கிற இடத்துக்கு மஞ்சள். ஒட்டின பிறகு வருஷம் முடிகிறவரை மாற்ற மாட்டார்கள்.

"மஞ்சள்னு சொல்லிடலாங்க" என்றாள்.

"சொன்னா இது கடைன்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"இப்ப வீடு. வீட்டுல நீ தைக்கற. அதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லை. பேருதான் இல்லை."

"உனக்கென்ன பேர் இல்லாம? தெருவே கூப்பிடுது."

"தெருதான் கூப்பிடுதுங்க."

அவர் புரிந்துகொண்டாரோ இல்லையோ, மடியில் கிடந்த கவுனின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காலைல போனா பொழுது சாயற வரைக்கும் அடுத்தவன் எல்லையிலேயே நிக்கறேன். இங்க வந்தா திரைக்குப் பின்னாடி யாராவது சட்டை மாத்திக்கிட்டு இருக்காங்க. பனியனோட உட்கார முடியுதா? பச்சை ஒட்டினாலாவது ஏதோ..." முடிக்காமல் விட்டுவிட்டார். அவள் அந்த அறையை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருதரம் பார்த்தாள். கண்ணாடியில் அவரும் கவுனும் தெரிந்தார்கள். போட்டுப் பார்க்க வந்து, முறை வருவதற்காகக் காத்திருக்கிற யாரோ ஒருவர் மாதிரி இருந்தார்.

"துணியை நான் வேற எங்கயாவது பார்த்துக்கறேன்" என்றார்.

"இனிமே எங்க? பஸ்லயா விட்டுட்டு வருவீங்க?"

அவர் எழுந்து, மடியிலிருந்த கவுனை நாற்காலியிலேயே திரும்பப் போட்டார்.

இடையில் ஒருநாள் அவள் காய்கறி வாங்கப் போனபோது, தெருமுனை நிழலில் விசில்காரம்மா கையுறைகளைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. ஊதாமல் இருக்கும்போது அவள் ரொம்பச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"ஏம்மா, வண்டியில போற துணியெல்லாம் எங்க போகுது?"

"வீட்டுத் துணியா, கடைத் துணியா?"

"ரெண்டும்."

"வீட்டுல கறுப்புப் பையில வர்றதை நேரா பள்ளத்துல கொட்டி மண்ணைப் போட்டுடுவாங்கக்கா. எல்லாத்தோடயும் கலந்துடுதில்ல. கடைத் துணி தனியா வர்றதால மில்லுக்குப் போகுது. அங்க போட்டுக் கிழிகிழின்னு கிழிச்சுப் பஞ்சாக்கிடுவாங்க. மெத்தைக்குள்ள வைப்பாங்க, கார் சீட்டுக்குள்ள வைப்பாங்க. நான் பார்த்திருக்கேன். ஒரு ரூம் நிறைய மேகம் மாதிரி இருக்கும். எந்தக் கலர்னு சொல்ல முடியாது."

"யார் சொல்லணும்? வீடா, கடையான்னு."

"யார் தொழில் பண்றாங்களோ அவங்க சொல்லணும். வேற யார் சொன்னாலும் நான் ஒட்ட மாட்டேன். அப்புறம் மாத்துன்னு வந்து நிப்பாங்க."

வீட்டுக்கு வருகிற வழியில் அவளுக்குக் கையில் பை இருப்பதே மறந்துவிட்டது. அத்தனை வருஷத்துத் துண்டுகளும் மண்ணுக்கடியில் ஈரமாகக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரரின் கக்கமும் கோடிவீட்டுக்காரரின் கக்கமும், மகளின் முதல் கவுனில் வெட்டிய கழுத்துவட்டமும். அதன் மேல் இன்னொரு படமும் வந்து படிந்தது. எங்கோ ஒரு வீட்டில், அவளுக்கு யாரென்றே தெரியாத ஒருத்தி, வேலை முடிந்து வந்து அலுப்போடு மெத்தையில் சாய்கிறாள். மெத்தை அவளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. உள்ளே நிறமில்லாத மேகம். அதற்குள் டீச்சர் வீட்டுச் சன்னல் இருக்கிறது, நர்ஸ் அம்மாவின் நடை இருக்கிறது, பிறந்தநாள் மினுக்கு எங்கோ ஓரிடத்தில் கண் சிமிட்டுகிறது. படுத்தவளுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்கிவிடுகிறாள். அவ்வளவுதான். அந்த ஒருத்தியின் தூக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்தச் சில நாட்களும் அவர் எதையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவளும் ஓரம் அடிக்கவில்லை. துண்டுகள் மிஷினுக்கடியில் மெல்ல உயர்ந்தன. இரண்டு பேரும் அதைப் பார்க்காதது போல் நடந்தார்கள். திங்கட்கிழமை அவள் பெரிய சாக்கு ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு, வாயைக் கட்டாமல் கதவோரம் சாய்த்து வைத்தாள். அவர் பார்த்தார். எடுத்து உள்ளேயும் வைக்கவில்லை, வெளியேயும் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விசில் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. ஒவ்வொரு கதவிலும் நின்று வந்தது. யாரோ அவசரமாகக் கேட்ட ஒரு பாவாடைக்கு அவள் அடிமடிப்பு குத்திக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. அவர் வேலைக்குக் கிளம்பிக் கண்ணாடி முன் நின்று சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார்.

விசில்காரம்மா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பச்சைச் சுருள், ஒரு கையில் மஞ்சள் சுருள்.

"வீடா, கடையா?"

"வீடுதாம்மா" என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடியே.

விசில்காரம்மா பச்சையைப் பிரிக்கவில்லை. "தைக்கறவங்களைக் கேட்டேன் சார்."

அவள் வாயிலிருந்து ஊசிகளை எடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினாள். அதற்கு நேரம் எடுத்தது. வெளியே வண்டியின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கடைசிப் பட்டனில் கையை வைத்தபடி கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. எல்லைக்கல்லை எங்கே நடப் போகிறார்கள் என்று பார்க்கிற நிலக்காரன் பார்வை.

கடைசி ஊசியையும் குத்திவிட்டு, "கடை" என்றாள். தன் குரல் தனக்கே புதிதாக இருந்ததால் இன்னொரு தரம் சொன்னாள். "தையல் கடை."

விசில்காரம்மா மஞ்சளைக் கிழித்துக் கதவில் வைத்தாள். "நேரா இருக்காக்கா?"

"இடது பக்கம் ஒரு நூலளவு இறக்கும்மா" என்றார் அவர். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது.

இறக்கி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள் விசில்காரம்மா. "மஞ்சள் வண்டி இன்னைக்குப் பின்னாலேயே வருது. மூட்டையைக் கட்டிக் கொண்டாங்க, நிக்காது" என்று படியிறங்கிப் போனாள்.

அறையில் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். வில்லை புதிதாக இருந்ததால் பசை வாசனை அடித்தது. அவள் சாக்கின் வாயைச் சேர்த்து முறுக்கிக் கயிறு சுற்றினாள். இரண்டாவது வண்டியின் சத்தம் தெருமுனையில் திரும்பியது.

"அப்ப சாயங்காலம் நான் வர்றது வீட்டுக்கா, கடைக்கா?" என்றார். வேடிக்கையாகத்தான் தொடங்கினார். முடியும்போது குரலில் வேடிக்கை மிச்சமில்லை.

அவள் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சாக்கு எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, அவரைக் கடந்து, அறையை விட்டு வெளியே போனாள்.